சென்சார் மாத்தியாச்சு, லைட் ஏன் திரும்ப எரியுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டது.)

போன மாசம் எங்க வீட்டுல ஓடின பிரச்சினையில இருந்தே ஆரம்பிக்கிறேன். எங்களோடது பத்து வருஷப் பழைய பெட்ரோல் கார். டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல எஞ்சின் படம் போட்ட லைட் எரிஞ்சுது. மெக்கானிக் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு தம்பி" என்றார். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டையும் மாத்தினோம். 9,000 ரூபாய். லைட் அணைஞ்சுது. நாலாவது நாள், கிண்டி பாலத்து மேல போறப்ப, அதே லைட்.

திரும்பப் போனா, "அப்ப கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் தம்பி, 45,000 ஆகும்" என்றார். "அதுக்கு காரையே வித்துடலாம்"னு அப்பா சொல்லிட்டார்.

எங்களுக்கு வந்த கோட் பி0420. அதுல சென்சார் கெட்டுப்போச்சுன்னு எங்கேயும் இல்ல. கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யற மாதிரி தெரியலன்னுதான் அர்த்தம். எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியுவுக்கு, எந்தப் பார்ட்டும் கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தெரியறது வயர்ல வர்ற வோல்டேஜ் மட்டும்தான்.

இது எப்படின்னு கொஞ்சம் நிதானமா பார்ப்போம். சாதாரண ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ரீடிங் கொடுக்கும். புகையில ஆக்சிஜன் அதிகம்னா வோல்டேஜ் குறையும், கம்மின்னா ஏறும். ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டே இருக்கறதால, கன்வெர்ட்டருக்கு முன்னாடி இருக்கற சென்சார் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, தேவைப்படறப்ப விடும். அதனால பின்னாடி சென்சார் பெரும்பாலும் ஆடாம, 0.6, 0.7 பக்கம் நிக்கணும். அதுவும் முன்னாடி சென்சார் மாதிரியே ஆட ஆரம்பிச்சா, ஈசியு பி0420 போடும். ஜுரம் காட்டுதேன்னு தெர்மாமீட்டரை மாத்தின கதைதான் எங்களோடது.

அப்போ நாலு நாள் லைட் ஏன் அணைஞ்சுது? சென்சார் மாத்தின கையோட கோடை அழிச்சுட்டாங்க. அழிச்சதும் ஈசியு தன்னோட சோதனைகளை முதல்ல இருந்து ஆரம்பிக்கும். இந்த மாதிரிக் கோளாறை பொதுவா ரெண்டு ஓட்டத்துல பார்த்த பிறகுதான் லைட்டைப் போடும். அதனால லைட் அணைஞ்ச அன்னைக்கே காசைக் கொடுத்துட்டு வந்துடாதீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. மாத்தினதாலயே புதுசா கோட் வரலாம். சென்சார் சூடானாத்தான் வேலை செய்யும், அதுக்கு உள்ளேயே ஹீட்டர் இருக்கு. பி0135, பி0141 வந்தா அது ஹீட்டர் சர்க்யூட். சென்சாரைத் திட்டறதுக்கு முன்னாடி ஃபியூஸைப் பாருங்க, கனெக்டர் முழுசா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. விலை கம்மியா இருக்குன்னு பழைய கனெக்டரை வெட்டி ஒட்டற யூனிவர்சல் சென்சார் போட்டிருந்தா சந்தேகம் இன்னும் அதிகம். வயர் கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில சென்சார்களுக்கு வெளிக்காத்து அந்த வயர் வழியாத்தான் உள்ளே போகும், சால்டர் வெச்சா அது அடைச்சுக்கும். எனக்கு இது தெரிஞ்சப்போ நம்பவே முடியல!

சரி, எங்க கார்ல என்னதான் ஆச்சு? காலையில கார் ஆறியிருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணா, அடியில இருந்து டிக் டிக்னு ஒரு சத்தம். சூடானதும் நின்னுடும். வேற ஒரு கடையில அதைச் சொன்னேன். அந்த அண்ணன் காரை லிஃப்ட்ல ஏத்தி, பின் சென்சாருக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கற பைப் ஜாயிண்ட்டைக் காட்டினார். சுத்தி கரி படிஞ்சிருந்தது. சோப்புத் தண்ணி அடிச்சு ஸ்டார்ட் பண்ணதும் நுரை கிளம்பிச்சு. கேஸ்கெட் எரிஞ்சு போயிருந்தது.

"புகை வெளியதானே வரும், காத்து எப்படிண்ணே உள்ள போகும்?"னு கேட்டேன். புகை ஒரே சீரா வராது, தள்ளித் தள்ளி வரும். ஒவ்வொரு தள்ளலுக்கும் நடுவுல அழுத்தம் குறையறப்ப, ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ளே இழுபடும். பின் சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து ஆடும். புது கன்வெர்ட்டர் போட்டிருந்தாலும் லைட் வந்திருக்கும். இதே ஓட்டை முன் சென்சாருக்கு முன்னாடி இருந்தா இன்னும் மோசம். பெட்ரோல் பத்தலன்னு நினைச்சு ஈசியு அதிகமா ஊத்தும், அது நல்ல கன்வெர்ட்டரையே கெடுத்துடும்.

நீங்களே பார்க்கணும்னா, ஸ்டீயரிங்குக்குக் கீழ 16 பின் ஓபிடி போர்ட் இருக்கும். ப்ளூடூத் அடாப்டர் மாட்டி, போன்ல ரெண்டு சென்சாரோட கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. கோடை அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க. ஆனா லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா இதெல்லாம் வேண்டாம். அது மிஸ்ஃபயர், ஓரமா நிறுத்திடுங்க. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சா அது உருகிடும்.

எங்களுக்குக் கேஸ்கெட்டும் கூலியும் சேர்த்து 1,200 ரூபாய் ஆச்சு. பின் சென்சார் இப்போ 0.7லயே நிக்குது, மூணு வாரமா லைட் வரல. அப்பா மட்டும் இன்னும் காரை ஸ்டார்ட் பண்ணதும் டேஷ்போர்டைத்தான் முதல்ல பார்க்கிறார்.