ஞானப்பல் பிடுங்கினால் அன்ரிபயோட்டிக் அவசியமா?

"பல்லைப் பிடுங்கிப்போட்டு வெறும் பரசிற்றமோலோடை அனுப்பிப்போட்டாங்கள். அகதி எண்டால் இவங்களுக்கு அலட்சியம்தான்."

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்த எம்மவரிடம் இந்தப் பேச்சை எங்கள் தொழிற்சாலையில் அடிக்கடி கேட்கிறேன். பல் பிடுங்கினால் ஒரு சரை குளிசையோடு வீடு திரும்பிப் பழகியவர்களுக்கு இப்படிச் சந்தேகம் வருவது இயல்பே. ஆனால் இங்கே வெள்ளைக்காரருக்கும் பெரும்பாலும் இதே வைத்தியம்தான்.

ஞானப்பல் பிடுங்கிய பின் இரண்டு மூன்று நாட்களுக்குக் கன்னம் வீங்கும், நோகும், வாய் திறக்கக் கஷ்டமாக இருக்கும். காயம் ஆறும்போது இவை வருவது வழமை. அன்ரிபயோட்டிக் பக்ரீரியாக் கிருமிகளை மட்டுமே தாக்கும், நோவை ஆற்றாது. நோவுக்குப் பரசிற்றமோலோ இபுபுரோபெனோ போதும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் இபுபுரோபெனைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பு 2021இல் ஒரு கணக்குச் சொன்னது. நல்ல சுகதேகிகள் 19 பேருக்கு அன்ரிபயோட்டிக் கொடுத்தால் ஒருவருக்குத்தான் கிருமித் தொற்றுத் தவிர்க்கப்படும். மற்ற 18 பேருக்கும் அதனால் பயனில்லை. ஆனால் வயிற்றோட்டம், தோலில் தடிப்பு, ஒவ்வாமை என்பன எவருக்கும் வரலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1928இல் லண்டனில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்: அளவு குறைத்து எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஆகவே, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குளிசையையும், ஊரிலிருந்து வந்த குளிசையையும் நாமாக விழுங்கக்கூடாது.

அப்படியானால் யாருக்குத் தேவைப்படலாம்? ஏற்கெனவே வீக்கம் பரவிக் காய்ச்சல் உள்ளவர்களுக்கு; கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளவர்களுக்கு; நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு. இருதய வால்வு மாற்றியவர்களும் முன்பு இருதயத்தில் கிருமித் தொற்று வந்தவர்களும் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால், நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டாம்.

முதல் 24 மணித்தியாலம் வாய் கொப்பளிக்காதீர்கள். அதன்பின் இளஞ்சூடான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள். சிகரெட் வேண்டாம். மூன்று, நான்கு நாட்களின் பின் நோவு கூடி வாய் நாறினால், பல் இருந்த குழியில் உறைந்த இரத்தம் கழன்றிருக்கலாம். அதற்குக் குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள். அன்ரிபயோட்டிக் வழமையாகத் தேவைப்படாது.

மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடிக்கொண்டு போனால், காய்ச்சல் அடித்தால், சீழ் வந்தால், உடனே பல் வைத்தியரிடம் போங்கள். அது பூட்டியிருந்தால் 111க்கு அடியுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் தாமதியாமல் 999.

குளிசை தரவில்லை என்று கோபித்துக்கொண்டு வெளியேற முதல், "எனக்கு ஏன் தேவையில்லை? எப்படி இருந்தால் திரும்பி வரவேண்டும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கேட்பதற்கு எங்களுக்கும் உரிமை உண்டு.