ஓய்வும் ஒரு பயிற்சியே

தெமோதரைப் புகையிரத நிலையத்தை ஒருமுறை கண்டோர் அதனை எளிதில் மறவார். எல்லவிலிருந்து வரும் வண்டி அந்நிலையத்தில் நின்று புறப்பட்டு, குன்றைச் சுற்றி வட்டமிட்டுத் தாழ இறங்கி, சற்று முன்னர் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து, பதுளையை நோக்கிச் செல்கிறது. 1924ஆம் ஆண்டில் பதுளை வரை நீண்ட இம்மலைப்பாதையில், 44 அடித் தூரத்துக்கு ஓரடிக்கு மேல் சரிவு இருத்தலாகாது என்பது வகுத்த அளவு. நேரே இறங்கினால் அவ்வளவு மீறப்படும். ஆகவே தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தார்கள். கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்பது செவிவழிக் கதை. கதை எவ்வாறாயினும், வட்டமிட்ட அத்தூரம் வீணான தூரமன்று என்பதை நாள்தோறும் ஓடும் வண்டி மெய்ப்பிக்கின்றது.

உடற்பயிற்சியில் ஈடுபடும் நம் இளைஞர் பலர் இவ்வுண்மையை ஏற்க மறுக்கின்றனர். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, மூலையில் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. வேலைக்கும் கடைக்குமாக ஏறியவர்களிற் சிலருக்கு அதுவே விருப்பமான விளையாட்டாகவும் ஆயிற்று. ஊவாவில் இவ்விளையாட்டு எளிதன்று. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இடையிலுள்ள ஏற்றத்தை மிதித்துக் கடப்பவன் நெஞ்சுரம் மிக்கவனே. ஆனால், “இன்று ஏறினேன், நாளையும் ஏறுவேன், ஒருநாள் விட்டால் பலம் போய்விடும்” என்று அவன் எண்ணுவானாயின், அங்கேதான் பிழை தொடங்குகின்றது.

பலம் மிதிக்கும்போது வளர்வதில்லை. மிதிக்கும்போது தசை களைக்கிறது; அதில் சேமித்திருந்த மாவுச்சத்து கரைகிறது; நுண்ணிய நார்கள் சிதைகின்றன. பின்னர் உண்டு, உறங்கி, ஓய்ந்திருக்கும் வேளையிலேயே உடல் அவற்றைச் செப்பனிட்டு, முன்னிலும் சற்று உறுதியாகக் கட்டுகிறது. இதனை விளக்கும் அழகியதொரு பரிசோதனை 1966ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளரான பேர்க்ஸ்ட்ரோம், ஹல்ற்மன் ஆகிய இருவரும் தம் உடல்களையே சோதனைக்கு உட்படுத்தினர். பயிற்சிக்குரிய ஒரே துவிச்சக்கர வண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தனர்; மற்றக் கால் சும்மா இருந்தது. பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டனர். உழைத்த காலின் தசையில், உழையாத காலைப்போல் இரு மடங்குக்குச் சத்துச் சேர்ந்திருந்தது. உழைப்பு வாசலைத் திறந்தது. உணவும் ஓய்வுமே உள்ளே நிரப்பின. உழைப்பை மட்டும் நம்பி அந்த மூன்று நாட்களையும் மறப்பவன், கதவைத் திறந்து வைத்துவிட்டு நெல்லைக் கொண்டுவராதவனை ஒப்பான்.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. மொன்றியல் நகரில் ஆராய்ந்த ஹன்ஸ் செலியே என்னும் மருத்துவ அறிஞர், 1936ஆம் ஆண்டில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கடுங்குளிர், காயம், அளவிறந்த தசையுழைப்பு, நஞ்சு எனத் துன்பங்கள் வெவ்வேறாயினும், எலிகளின் உடல் அவற்றுக்கு ஒரே விதமாகவே ஈடுகொடுத்தது. துன்பம் நீண்டபோது ஒரே விதமாகவே தளர்ந்தும் போனது. இன்று நாம் மன அழுத்தம், உடல் அழுத்தம் என்று பேசுவதற்கெல்லாம் வித்திட்டது அக்கட்டுரையே. அவர் கூறிய யாவும் பின்வந்தோரால் அப்படியே ஏற்கப்படவில்லை. எனினும் அடிப்படை நிலைத்து நிற்கிறது: விளையாட்டின் களைப்பு ஒரு கணக்கிலும், வீட்டுக் கவலை வேறொரு கணக்கிலும் எழுதப்படுவதில்லை. உடலிடம் ஒரே பேரேடுதான் உண்டு. பரீட்சை அச்சம், கடன் தொல்லை, நோயுற்ற தாய்க்காக விழித்த இரவு ஆகிய அனைத்தும் அதிலேயே பற்றெழுதப்படுகின்றன. அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரரிடையே நடந்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பரீட்சை நெருக்கும் வாரங்களில் வீரர்கள் காயமுறுவதும் நோயுறுவதும் மிகுந்ததைக் காட்டியது.

இப்பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தோட்டத்து மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் லயத்தில் விளக்கெரிகிறது. தாய் பிரட்டுக்களத்துக்குப் புறப்படுமுன் தண்ணீர் சுமந்து வைக்க வேண்டியவன் அவனே. பின்னர் பாடசாலை, மாலையில் வகுப்பு, தம்பி தங்கையர் பொறுப்பு. ஒற்றை அறையில் ஐவர் உறங்கும் வீட்டில் நல்ல தூக்கம் எங்கிருந்து வரும்? கொழுந்து குறைந்து அம்மாவுக்கு அரைப் பேர் விழுந்த நாளில் இரவுச் சோறும் குறையும். இவன் சனிக்கிழமை காலை பண்டாரவளை ஏற்றத்தில் பின்தங்கினால், “சோம்பேறி! இன்னும் கடுமையாய்ப் பழகு” என்கிறோம். அவனுக்கு வேண்டுவது கடுமையன்று. ஒரு வேளைச் சோறும் ஓர் இரவுத் தூக்கமுமே.

தேயிலையைக் காப்பதில் மட்டும் நாம் இத்தவற்றைச் செய்வதில்லை. கொழுந்து கிள்ளிய மலையை மறுநாளே எவரும் கிள்ளுவதில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் விட்டே அடுத்த சுற்று வருகிறது. ஆண்டுகள் சில கழிந்ததும் கவ்வாத்து வெட்டிச் செடியைத் தளிர்க்க விடுகிறார்கள். வெட்டுமுன் சில வாரம் பறிக்காது விட்டு, வேரில் மாவுச்சத்துச் சேர இடங்கொடுக்கும் வழக்கமும் உண்டு. பறித்துக்கொண்டே இருந்தால் செடி பட்டுப்போகும் என்பது கங்காணிக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். செடிக்கு அளிக்கும் நீதியைப் பிள்ளைக்கு மறுப்பது முறையாகுமா?

உலகப் பெரும் பந்தயத்திலும் ஓய்வுக்கு இடமுண்டு. 1903ஆம் ஆண்டில் முதன்முதல் நடந்த ‘தூர் த பிரான்ஸ்’ ஆறே கட்டங்களைக் கொண்டது. பாரிஸிலிருந்து லியோன் வரையான முதற் கட்டம் மட்டும் 467 கிலோமீற்றர். ஆயினும் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே நாட்கள் விடப்பட்டன. இக்காலத்தில் 21 கட்டங்களை 23 நாட்களில் ஓடுகிறார்கள். எஞ்சிய இரண்டு நாட்கள் ஓய்வு. அந்நாட்களிலும் வீரர்கள் கட்டிலிற் கிடப்பதில்லை. சற்று நேரம் இலேசாக மிதித்துக் கால்களைத் தளர்த்துகின்றனர். ஓய்வென்பது முற்றாக அசைவற்றிருத்தல் அன்று என்பதையும் இதனால் அறிகிறோம்.

நம் ஆசிரியர்கள் செய்யக்கூடியவை மிகச் சில. அவற்றுக்குப் பணமும் வேண்டியதில்லை. கடும் பயிற்சி நடந்த நாளை அடுத்து இலேசான நாளொன்றை வைக்கலாம். மூன்று வாரம் ஏற்றிய பாரத்தை நான்காம் வாரம் குறைக்கலாம். பரீட்சை மாதத்தில் பயிற்சியைப் பாதியாக்கலாம். காலையில் கண்விழித்ததும் எழாமலே நாடியை எண்ணி எழுதி வைக்கும்படி மாணவருக்குப் பழக்கலாம். வழக்கத்தைவிட அது சில நாட்கள் உயர்ந்தே நின்றால், உறக்கம் கெட்டால், சினம் மிகுந்தால், அடிக்கடி தடிமன் பிடித்தால், அவன் உடல் எச்சரிக்கிறது என்று கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியில் ஏறுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: “இரவு தூங்கினாயா? காலையில் சாப்பிட்டாயா?” இரண்டுக்கும் ‘இல்லை’ என்பது விடையானால், அன்றைய பயிற்சி வீடு திரும்பி உறங்குவதே.

ஓய்வைச் சோம்பலென்று பழிக்கும் வழக்கம் மலையகத்துக்கு எவ்வாறு வந்தது என்பது நாம் அறியாததன்று. உழைப்பை நிறுத்துப் பெயர் போட்ட தராசு, ஓய்வை ஒருபோதும் நிறுத்ததில்லை. அத்தராசின் நியாயத்தை விளையாட்டு மைதானத்துக்கும் நாமே சுமந்து செல்ல வேண்டியதில்லை. சுமைக்கேற்பச் சுற்றி வந்த வண்டியே பதுளையை அடைகிறது. நம் பிள்ளைகளுக்கும் அந்தச் சுற்று உரியதே.