இத்தாலி, ஜெர்மனி, ஜப்பான்... 3 கொடி மாறிய நீர்மூழ்கி! நட்பு நாட்டிடமே சிக்கியது எப்படி?

வீராம்பட்டினம் கடற்கரையில் படகு ஏறி தென்கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், வங்கக்கடலைத் தாண்டி வருவது சுமத்ராவின் வடமுனை. அங்கே சபாங் என்று ஒரு சின்ன துறைமுகம். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் 'கப்பெல்லினி' நீர்மூழ்கி மாட்டிக்கொண்டது அங்கேதான். பிடித்தது எதிரி அல்ல, கூட்டாளி ஜப்பான்!

என்ன நடந்தது?

1943-ல் கப்பெல்லினி சண்டைக்கப்பலாக வரவில்லை, சரக்குக்கப்பலாக வந்தது. கடலின் மேல் போகும் கப்பல்களை நேச நாடுகள் வேட்டையாடியதால், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே நீர்மூழ்கியில் சரக்கு கடத்தினார்கள். ஜெர்மனிக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது ரப்பரும் தகரமும். மலேயா தோட்டங்களில் நம்ம ஊர்க்காரர்கள் பால் வெட்டிய அதே ரப்பர்தான்!

ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. செப்டம்பர் 8-ம் தேதி இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானது. அவ்ளோதான், நேற்றுவரை விருந்தாளிகளாக இருந்த மாலுமிகள் கைதிகள் ஆனார்கள். அருகில் கடலில் இருந்த 'எரித்ரியா' என்ற இத்தாலிக் கப்பல் மட்டும் செய்தி தெரிந்ததும் திசை திருப்பி, கொழும்புக்குத் தப்பிவிட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பெல்லினிக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அதன் பிறகு?

ஜப்பான் அதை ஜெர்மனியிடம் கொடுத்தது. புதுப்பெயர் யுஐடி-24. இத்தாலிய மாலுமிகளில் சிலர் சிறைக்குப் பதிலாக ஜெர்மன் கொடியின் கீழ் வேலை செய்ய ஒப்புக்கொண்டார்கள். 1944 பிப்ரவரியில் ரப்பர், தகரம் ஏற்றிக்கொண்டு பினாங்கிலிருந்து ஐரோப்பா கிளம்பியது. நடுக்கடலில் டீசல் கொடுக்க வேண்டிய ஜெர்மன் கப்பல் பிரிட்டிஷ் தாக்குதலில் மூழ்கிவிட, பாதி வழியிலேயே பினாங்கு திரும்ப வேண்டியதாயிற்று.

1945 மே மாதம் ஜெர்மனியும் சரணடைந்தது. கோபே துறைமுகத்தில் நின்ற இதை ஜப்பான் மறுபடி பறிமுதல் செய்து, ஐ-503 என்று பெயர் வைத்தது.

இதில் இன்னொரு கதையும் இருக்கு. 1940 அக்டோபரில் 'கபாலோ' என்ற பெல்ஜியக் கப்பலை இதே கப்பெல்லினி மூழ்கடித்தது. ஆனால் அப்போதைய கேப்டன் சால்வத்தோரே தோதாரோ, தத்தளித்த 26 பேரை விட்டுவிட்டுப் போகவில்லை. அவர்கள் இருந்த உயிர்காப்புப் படகைக் கயிறு கட்டி இழுத்தார். கயிறு அறுந்ததும் நீர்மூழ்கிக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு, அசோர்ஸ் தீவில் இறக்கிவிட்டார். எதிரி கண்ணில் பட்டால் எல்லோருக்குமே முடிவு என்று தெரிந்தே செய்த வேலை அது. 2023-ல் இத்தாலியில் இது சினிமாவாகவும் வந்தது.

தோதாரோ 1942 டிசம்பரிலேயே போரில் இறந்துவிட்டார். போர் முடிந்து அமெரிக்கர்கள் கைக்கு வந்த நீர்மூழ்கியை, 1946 ஏப்ரலில் ஜப்பான் கடற்கரைக்கு அப்பால் கீ கால்வாய்ப் பகுதியில் மூழ்கடித்தார்கள்.