வாளும் அப்பமும் – 6: ஒரு கொலைக்கு ஓராண்டு

சென்ற வாரம் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்டே நகரில் நிறுத்தியிருந்தோம். கி.பி. 295இல், கிறிஸ்தவனான நான் படையில் சேர முடியாது என்று ஆளுநரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, 21 வயதில் தலையைக் கொடுத்தான் மாக்சிமிலியன். அவன் காலத்தில் வாள் வேறொருவர் கையில் இருந்தது. ஆகவே பதில் சொல்வது எளிது, உயிர்தான் போகும்.

அடுத்த நூறாண்டுக்குள் பேரரசே கிறிஸ்தவப் பேரரசாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒருவனுக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வருகிறார். எல்லையில் ஆளைக் குத்திச் சாய்த்த வீரன் அவருக்குப் பின்னால் நிற்கிறான். இருவரும் சட்டப்படிதான் செய்தார்கள். இருவரும் நற்கருணைக்குக் கை நீட்டினால் ஆயர் என்ன செய்வது? வாரம் தவறாமல் வந்து நிற்கும் கேள்வி இது.

கப்பதோக்கியாவின் செசரியாவில் ஆயராக இருந்த பசிலியாருக்கும் இது வந்தது. 370களில் இக்கோனியத்தின் ஆயர் அம்பிலோக்கியு ஒழுங்குமுறை பற்றி வரிசையாகச் சந்தேகங்கள் கேட்க, பசிலியார் கடிதங்களில் பதில் எழுதினார். அந்தப் பதில்கள் பின்னர் கிழக்குத் திருச்சபையின் சட்ட விதிகளாயின. அவற்றில் 13ஆவது, போரில் கொல்வதைப் பற்றியது. நம் முன்னோர் இதைக் கொலைக் குற்றமாகக் கணக்கிடவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் கொன்றவர்களின் கைகள் சுத்தமாக இல்லை. ஆகவே மூன்றாண்டு நற்கருணையிலிருந்து மட்டும் விலகியிருக்கச் சொல்வது நல்லது என்று சேர்க்கிறார். குற்றமில்லை, ஆனால் கறை உண்டு! இப்படி ஒரு நிலையை ஒரு நீதிமன்றத்தால் எடுக்க முடியாது. பசிலியாரும் கட்டளையாக எழுதாமல் ஆலோசனையாகத்தான் எழுதினார்.

மேற்கில், ஏறத்தாழ அதே காலத்தில், மிலான் ஆயர் அம்புரோசும் இதே போக்கில் எழுதினார். ஸ்டூடியுஸ் என்ற நீதிபதி அவரிடம் ஆலோசனை கேட்டிருந்தார். அம்புரோசும் முன்பு ஆளுநராக இருந்தவர்; தண்டனை மேடையின் பக்கம் அவருக்குத் தெரியாததில்லை. மரண தண்டனை கொடுத்தவரைச் சபையிலிருந்து விலக்க முடியாது, ஆனால் அவராகவே நற்கருணையிலிருந்து விலகி நின்றால் அது பாராட்டத்தக்கது என்பது அவருடைய பதில். கூடவே ஒரு குத்தலும் உண்டு: பதவிக்காலம் முடிந்து கோடரியில் இரத்தம் படாமல் ஊர் திரும்பினோம் என்று பிற சமயத்து ஆளுநர்களே பெருமை பேசுகிறார்களே, கிறிஸ்தவர் என்ன செய்ய வேண்டும்?

பசிலியாரின் விதி எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்றால், பெரிதாக இல்லை. 12ஆம் நூற்றாண்டின் பைசாந்தியச் சட்ட உரையாசிரியர் சோனராஸ், இதை அப்படியே பின்பற்றினால் அடிக்கடி போருக்குப் போகிற நல்ல வீரனுக்கு வாழ்நாளில் நற்கருணையே கிடைக்காது என்று சலித்துக்கொண்டார். நியாயமான சலிப்புதான். ஆனாலும் ஏட்டில் கிடந்த அந்த விதி ஒருமுறை பேரரசரையே மறித்தது. 963 முதல் 969 வரை ஆண்ட நிக்கெபோரஸ் போக்காஸ் பெரிய போர்வீரர். தன் படையில் விழுந்தவர்களை மறைசாட்சிகளாக அறிவிக்கவேண்டும் என்று கேட்டார். குலமுதுவர் பொலியெவுக்டஸும் ஆயர்களும் பசிலியாரின் 13ஆவது விதியை எடுத்து வைத்தார்கள். மூன்றாண்டு விலகி நிற்க வேண்டியவனுக்குப் புனிதர் பட்டமா என்று மறுத்தார்கள். அரசு கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பிய இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

மேற்கில் கணக்கு இன்னும் துல்லியம். 1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸில் நார்மன் படை ஆங்கிலேயரை வென்றது. நார்மண்டி கோமகன் வில்லியமுக்குத் திருத்தந்தையின் ஆதரவு இருந்தது. ஆகவே சபையின் கண்ணில் நியாயமான போர், நியாயமான தலைவர். அப்படியிருந்தும் சில ஆண்டுகளில் நார்மன் ஆயர்கள் வென்ற படைக்கே ஒரு தண்டனைப் பட்டியல் போட்டார்கள்; திருத்தந்தையின் தூதர் எர்மன்ஃபிரிட் அதை உறுதிசெய்தார். ஆளைக் கொன்றது உறுதியாகத் தெரிந்தால், ஒரு ஆளுக்கு ஓராண்டு தவம். காயப்படுத்தினேன், செத்தானா தெரியாது என்றால் ஒரு ஆளுக்கு 40 நாள். எண்ணிக்கையே தெரியாவிட்டால் வாழ்நாள் முழுவதும் வாரத்தில் ஒரு நாள். இல்லையேல் ஒரு தேவாலயம் கட்டலாம், அல்லது ஏற்கெனவே உள்ள ஒன்றுக்குச் சொத்து எழுதி வைக்கலாம். யாரையும் அடிக்கவில்லை, ஆனால் அடிக்க ஆசைப்பட்டேன் என்பவனுக்கும் மூன்று நாள் உண்டு. தன் அம்பு எங்கே போய் விழுந்தது என்று தெரியாத வில்லாளிக்குத் தனிக் கணக்கு: மூன்று தவக்காலங்கள்.

பணக்காரன் தேவாலயம் கட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. அது இருக்கட்டும். வென்ற பக்கத்தைப் பார்த்து, உங்கள் போர் சரிதான், ஆனாலும் எத்தனை பேரைக் கொன்றாய் என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்து எண்ணச் சொன்ன ஆவணம் வேறு எங்கும் என் கண்ணில் பட்டதில்லை.

ஆனால் 1095இல் கிளெர்மோன் நகரில் காற்று திசை மாறியது. பதவிக்கோ பணத்துக்கோ இல்லாமல் பக்தியால் எருசலேமை மீட்கப் போகிறவனுக்கு, அந்தப் பயணமே எல்லாத் தவத்துக்கும் ஈடு என்று திருத்தந்தை இரண்டாம் உர்பானுஸ் கூட்டிய சங்கம் தீர்மானித்தது. கொன்றதற்குத் தவம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு, கொல்லப் போவதே தவமாயிற்று. 1215இன் நான்காம் லாத்தரன் சங்கமோ வேறொரு வழி கண்டது: குருக்கள் எவரும் இரத்தம் சிந்தும் தீர்ப்பை எழுதக்கூடாது, நிறைவேற்றக்கூடாது, அருகில் நின்று பார்க்கவும் கூடாது. பிறகு விசாரணை மன்றங்கள் குற்றவாளிகள் எனக் கண்டவர்களை அரசு அதிகாரியிடம் ஒப்படைத்தன; ஒப்படைக்கும்போது உயிருக்கு இரக்கம் காட்டும்படி ஒரு வேண்டுகோளையும் வாசித்தன. அதிகாரி நிஜமாகவே இரக்கம் காட்டியிருந்தால் அவர்மேல்தான் வழக்கு வந்திருக்கும்.

இந்தப் பாசாங்கை மார்ட்டின் லூத்தர் ஒரே அடியில் உடைத்தார். அரசனின் கையில் உள்ள வாள் கடவுள் கொடுத்தது என்று பவுல் ரோமருக்கு எழுதிய 13ஆம் அதிகாரம் சொல்கிறதல்லவா? அப்படியானால் அதை வீசுகிறவன் ஏன் கூச வேண்டும்? ஊரில் தூக்கிலிட ஆள் குறைந்து, உனக்கு அந்தத் தகுதி இருந்தால் நீயே முன்வந்து அந்த வேலையைக் கேள் என்று 1523இல் எழுதினார். படைவீரர்களும் மீட்படைய முடியுமா என்று ஆசா ஃபொன் கிராம் என்ற தளபதி வருந்திக் கேட்க, 1526இல் தனி நூலே எழுதிக் கொடுத்தார். வேலை கடவுளுடையது, அதைச் செய்கிற ஆள் மட்டும் நல்லவனாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். கறையே இல்லை என்றாயிற்று; கழுவும் முறையும் தேவையில்லாமல் போனது.

ஆனால் லூத்தரை ஏற்ற ஊர்கள் இதை நம்பினவா? நூரம்பெர்க்கைப் பார்ப்போம். 1578இல் அங்கே தண்டனை நிறைவேற்றும் பதவிக்கு வந்தவர் ஃபிரான்ஸ் ஷ்மிட். அவருடைய அப்பா ஹைன்ரிஹ் ஹோஃப் நகரத்தில் நல்ல குடும்பத்து மனிதர். 1553இல் அங்கே ஆண்ட குறுநில மன்னன் ஆல்பிரெஹ்ட், கூட்டத்தில் நின்ற அவரைச் சுட்டிக்காட்டி, மூன்று பேரைத் தூக்கிலிட வைத்தான். மறுத்தால் அவருக்கே தூக்கு. அன்றோடு குடும்பத்தின் மானம் போயிற்று. எந்தக் கைவினைச் சங்கமும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளாது. அப்பாவின் தொழில்தான் மகனுக்கும். 1573 முதல் ஷ்மிட் ஒரு குறிப்பேடு எழுதி வந்தார். 394 மரண தண்டனைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. ஆரம்பத்தில் ஆளின் பெயரும் தண்டனையும் மட்டும். வயது ஏற ஏற அந்த மனிதர் என்ன செய்தார், யாரை ஏமாற்றினார் என்று பதிவுகள் நீள்கின்றன. சிசுக்கொலை செய்த பெண்களை மூட்டையில் கட்டித் தண்ணீரில் அமுக்கிக் கொல்லும் வழக்கம் நூரம்பெர்க்கில் இருந்தது. 1580இல் சிறைப் போதகர்களோடு சேர்ந்து வாதாடி, அதற்குப் பதிலாக வாளால் வெட்டும் தண்டனையைக் கொண்டுவந்தார். இன்று நமக்கு அது சீர்திருத்தமாகத் தெரியாது. மூட்டைக்குள் மூச்சுத் திணறுவதை அருகில் இருந்து பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும்.

மது தொடாதவர், பக்தியுள்ள லூத்தரன். லூத்தரின் கணக்குப்படி நகர மன்றத் தலைவருக்குச் சமமான இறைப்பணியாளர். ஆனால் ஜெர்மன் ஊர்களில் அவரைப் போன்றவரின் கை பட்டாலே கைவினைஞனுக்குத் தீட்டு. தூக்குமரம் செப்பனிட வேண்டுமென்றால் தச்சர்கள் எல்லோரும் மொத்தமாக வந்து வேலை செய்வார்கள். ஒருவன் தனியாகத் தொட்டால் அவன் பிழைப்பு போகும். தீட்டு என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1618இல் ஓய்வுபெற்ற பிறகு ஷ்மிட் தன் குடும்பத்தின் மானத்தைத் திருப்பித் தரும்படி கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்கு விண்ணப்பித்தார். வைத்தியமும் தெரிந்தவர், 15,000க்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்தியிருக்கிறேன் என்று அதில் எழுதினார். 1624இல் ஆணை வந்தது.

பசிலியாரிடம் போயிருந்தால் மூன்றாண்டில் முடிந்திருக்கும். ஹேஸ்டிங்ஸ் கணக்கில் ஷ்மிட்டுக்கு 394 ஆண்டு வரும் என்று நீங்கள் மடக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலிலேயே, எண்ணிக்கை தெரியாதவனுக்காவது, ஒரு மாற்று வழி இருந்தது. கறை உண்டு என்று சொன்ன சபை அதைத் துடைக்க ஒரு தேதியும் கொடுத்தது. கறை இல்லை என்று சொன்ன சபை ஷ்மிட்டை ஊரின் கையில் விட்டுவிட்டது. ஊர் தேதி கொடுப்பதில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, கொன்று திரும்பியவர்களுக்குச் சமூகம் சேர்ந்து செய்யும் சுத்திகரிப்புச் சடங்கு தேவை என்று எழுதியதும் இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். உன்மேல் தவறில்லை என்ற ஆறுதல் அவர்களிடம் எடுபடவில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருந்தது. லூத்தர் படைவீரர்களுக்கு எழுதிய மறு ஆண்டு, 1527 பிப்ரவரியில், சுவிஸ் எல்லையோரத்து ஷ்லைட்ஹைமில் சிலர் கூடினார்கள். வாளைக் கடவுள்தான் ஏற்படுத்தினார், ஆனால் அது கிறிஸ்துவின் முழுமைக்கு வெளியே இருக்கிறது என்று எழுதினார்கள். வீரனாகவும் ஆகாதே, நீதிபதியாகவும் ஆகாதே. அப்படியானால் உங்கள் ஊரில் திருடன் வந்தால் யார் பிடிப்பது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? அந்த அறிக்கையை எழுதியவர்களில் முதன்மையானவரான மிகாயேல் சாட்லர், முன்பு பெனடிக்டின் துறவி. மூன்றே மாதத்தில் ரோட்டன்பர்க் நீதிமன்றத்தில், துருக்கியர் படையெடுத்து வந்தாலும் எதிர்க்க மாட்டேன் என்று சொன்ன குற்றத்துக்கும் சேர்த்து அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொன்ன பதில் அடுத்த வாரம்.

(தொடரும்)