கூச்சல் கணக்கு – 7: ஆவடியைத் தாண்டிய விசில் ரயில்

போன வாரம் சியாட்டிலில் நிறுத்தினோம். கேலரி குதித்த குதியை நிலநடுக்கமானி பதிவு செய்த கதை. படித்தவர்களுக்கு நினைவிருக்கும், மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் நடுவர்களின் காது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உட்கார்ந்தால் ஒரு ரயில் குறுக்கே வந்துவிட்டது.

2018 ஏப்ரல் 10. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். சேப்பாக்கத்தில் சென்னை–கொல்கத்தா ஐ.பி.எல். ஆட்டம் நடக்கையில் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. இனி பாதுகாப்பு தர முடியாது என்று போலீஸ் கைவிரிக்க, மிச்சமிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. ஏப்ரல் 19-ஆம் தேதி சென்ட்ரலிலிருந்து ஒரு சிறப்பு ரயில் கிளம்பியது. பெயர் 'விசில் போடு எக்ஸ்பிரஸ்'. ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்கள். பயணம், சாப்பாடு, தங்குமிடம், மேட்ச் டிக்கெட் எல்லாம் சென்னை சூப்பர் கிங்ஸ் ஏற்பாடு.

இது பேப்பரில் வந்த செய்திதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதன் பாதை. புனே, மும்பை வண்டிகளெல்லாம் அரக்கோணம் வழியாகத்தானே போகும்? அரக்கோணம் என்றால் பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம். அதாவது நம்ம லைன்! எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து அம்பத்தூர் பிளாட்பாரத்தில் யாராவது நின்றிருந்தால், முகத்துக்கு நேரே ஒரு கேலரியே ஓடுவதைப் பார்த்திருப்பார். ஆவடிக்காரர் ஒருவர் அதில் ஏற நினைத்திருந்தால் இன்னும் வேடிக்கை. யூனிட் ரயில் பிடித்து சென்ட்ரலுக்குப் போய், அங்கே ஏறி, கொஞ்ச நேரத்தில் தன் வீட்டையே தாண்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய் 'உள்ளூர்' ஆட்டம் பார்த்திருப்பார். மற்ற வருஷங்களில் அவருக்கு மூர் மார்க்கெட்டில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கம், முடிந்தது.

ரயில் கிளம்பிய மறுநாள் ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் 106. 64 ரன்னில் வெற்றி. புனேவில் ஆடிய ஆறில் ஐந்தை ஜெயித்தார்கள், மும்பையிடம் மட்டும் தோற்றார்கள், கடைசியில் கோப்பையும் வந்தது. அந்த ஆயிரம் பேரின் விசில்தான் காரணம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படித் தெரியவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் கூச்சல் ஆட்டத்துக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. குவார்ட்டர்பேக் குரல் கொடுத்துத்தான் பந்தை வாங்குவார். குரல் கேட்காமல் ஒருவர் முன்கூட்டியே அசைந்தால் ஐந்து கஜம் அபராதம். அதனால் சொந்த அணி பந்து வைத்திருக்கும்போது கேலரி வாயைப் பொத்திக்கொள்கிறது. எதிரணி கைக்குப் போனதும் தொண்டை கிழியக் கத்துகிறது. 2014-இல் கேன்சஸ் சிட்டி அரங்கில் 142.2 டெசிபல் பதிவானது கின்னஸ் சாதனை. கொரோனாவால் கேலரிகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்த 2020 என்.எஃப்.எல். சீசனில் உள்ளூர் அணிகள் 127 வெற்றி, வெளியூர் அணிகள் 128, ஒன்று டிரா. அந்த லீக்கின் வரலாற்றில் வெளியூர்க்காரன் கை ஓங்கியது அதுவே முதல் தடவை.

நம்ம சத்தம் வேறு ஜாதி. 2024 ஏப்ரல் 8, சேப்பாக்கத்தில் மறுபடியும் கொல்கத்தாவுடன் ஆட்டம். தோனி இறங்கியபோது எழுந்த சத்தத்தில் ஆண்ட்ரே ரஸ்ஸல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அப்போது ஜெயிக்கப் பாக்கி மூன்றே ரன்! முடிந்துபோன ஆட்டத்துக்குத்தான் அத்தனை டெசிபலும். ஜெயிக்க வைப்பதற்காகக் கத்துகிறோம் என்பதெல்லாம் சும்மா, கத்துவதற்காகத்தான் போகிறோம். அதில் தப்பும் இல்லை.

சந்தேகப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே என்ற மூன்று ஸ்டாண்டுகள், சுமார் 12,000 இருக்கைகள், வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? அதனாலேயே 2019 இறுதி ஆட்டம் ஐதராபாத்துக்குப் போனது. அந்த மூன்றும் காலியாக இருந்த அதே 2019-இல் சேப்பாக்கத்து லீக் ஆட்டங்கள் ஏழில் ஆறு வெற்றி. பெங்களூரு 70 ரன்னுக்குச் சுருண்டது அந்த வருஷம்தான். சுருட்டியவர்கள் ஹர்பஜனும் தாஹிரும், அவர்களுக்குத் துணை நின்றது சுழலுக்கு ஏற்ற மண். 2025-இல் ஸ்டாண்டெல்லாம் திறந்திருந்தது, கேலரி மஞ்சளாகவே இருந்தது. முதல் ஆட்டத்தில் மும்பையை ஜெயித்ததோடு சரி. பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத், பஞ்சாப் என்று வரிசையாக ஐந்து பேரிடம் சொந்த மண்ணில் தோல்வி. பெங்களூரு சேப்பாக்கத்தில் சென்னையை ஜெயித்தது 2008-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. இப்போதைய ஐதராபாத் அணிக்கோ அங்கே சென்னைக்கு எதிராக முதல் வெற்றியே அதுதான். பிட்ச்சின் போக்கைக் கணிக்க முடியவில்லை, சேப்பாக்கத்தில் சாதகம் என்று ஒன்று இல்லை என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே பெங்களூரு ஆட்டம் முடிந்ததும் சொல்லிவிட்டார். என் கட்சியும் அதுதான்: சேப்பாக்கத்தின் பலம் பிட்ச் போடுபவர் கையில் இருந்தது, நம் வாயில் இல்லை. புனே? 2018-இல் அணி நல்ல அணி, அவ்வளவுதான்.

கிரிக்கெட்டில் கூச்சல் நுழையக்கூடிய வாசல் ஒன்று உண்டென்றால் அது அம்பயரின் காது. பந்து மட்டையில் உரசிய சத்தம் அறுபதடி தள்ளி நிற்பவருக்குக் கேட்க வேண்டுமே. 2020 மே மாதம் ஜெர்மனியில் ஆளில்லா அரங்குகளில் கால்பந்து திரும்பியபோது வெளியூர் அணிகளுக்கு மஞ்சள் அட்டை குறைந்ததை ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். அதையும் அம்பயர் படும் பாட்டையும் சேர்த்தே அடுத்த வாரம் தருகிறேன்.

(தொடரும்)