சைக்கிள் ரிம்: அன்றும் இன்றும்

திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் பக்கமிருந்து தெற்கே வரும் மகாத்மா காந்தி சாலை, புளிமூடு, ஆயுர்வேதக் கல்லூரி, மேம்பாலம் ஆகியவற்றைக் கடந்து பழவங்காடிக்கு இறங்குகிறது. வரும் வழி மேட்டிலிருந்து பள்ளம். வந்து சேரும் இடமோ நெரிசல் மிக்கது. கணபதி கோவிலின் முன் தேங்காய் உடைப்போர் ஒரு பக்கம், கிழக்குக் கோட்டையில் பேருந்துக்கு விரைவோர் ஒரு பக்கம், சாலைக் கடைவீதிக்குச் சுமையோடு செல்வோர் ஒரு பக்கம். போதாக்குறைக்கு, இடவப்பாதி என்று இவ்வூரார் கூறும் தென்மேற்குப் பருவ மழையும், துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவ மழையும் ஆகிய இரண்டுமே இந்நகரை நனைக்கின்றன. இத்தகைய சாலையில், மழை நாளில், பழைய சைக்கிளில் இறங்குகிறவர் பிரேக்கைப் பிடிக்கிறார். வண்டி நிற்கவில்லை. கைப்பிடியை இன்னும் இறுக்குகிறார். சக்கரம் இரண்டொரு சுற்றுச் சுற்றிய பின்னரே வேகம் தணிகிறது. குற்றம் அவருடையதன்று, பிரேக்குடையது மட்டுமன்று, பெரும்பகுதி ரிம்மினுடையது.

ரிம் என்பது யாது? மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். நடுவே குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வளைத்து நிற்கும் வட்டை. சைக்கிளில் அந்த வட்டையின் இடத்தைப் பெற்றிருப்பதே ரிம். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மாட்டு வண்டியின் மர ஆரக்கால், தூணைப் போல நின்று பாரத்தைத் தாங்குகிறது. சைக்கிளின் மெல்லிய கம்பி அவ்வாறு நிற்க இயலாது. அது இழுவிசையால் வேலை செய்வது. எல்லாக் கம்பிகளும் ரிம்மை நாற்புறமிருந்தும் குடத்தை நோக்கி இழுக்கின்றன. ரிம் அந்த இழுப்பை எதிர்த்து வட்டம் கெடாமல் நிற்கிறது. ஒரு கம்பி தளர்ந்தாலும் மறு கம்பி மிகையாக இறுகினாலும் ரிம் ஒரு பக்கமாக ஒதுங்கும். அதனைத்தான் கோட்டம் என்கிறோம். நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுக்கும் தொழிலாளி, உண்மையில் இந்த இழுவிசைகளைச் சமன் செய்கிறார்.

இனி, பழைய ரிம்மின் அமைப்பைக் காண்போம். 1888-இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்ற பின்னர், அந்த டயரைப் பற்றிக் கொள்ளத்தக்க வளையம் தேவைப்பட்டது. அந்நாளில் மரத்தாலும் ரிம் செய்தனர், எஃகாலும் செய்தனர். எஃகு ரிம் வகைகளுள் நம் நாட்டில் நெடுங்காலம் நிலைத்தது, ‘வெஸ்ட்வுட்’ என்னும் பெயர் பெற்ற இங்கிலாந்து அமைப்பு. எஃகுத் தகட்டின் இரு ஓரங்களையும் குழாய் போலச் சுருட்டி, நடுவே பள்ளம் வைத்து, மேலே குரோமிய முலாம் பூசியது அது. பிரேக் கட்டை இந்த ரிம்மின் பக்கவாட்டில் உராய்வதில்லை. குடத்தைப் பார்த்திருக்கும் உட்புறத்தில், பள்ளத்திற்கு இருமருங்கிலும் உள்ள தோள்களின் மீது, இரும்புத் தண்டுகளால் மேல்நோக்கி இழுக்கப்பட்டு அழுந்துகிறது.

1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-இல் சோனிப்பட்டில் தொடங்கிய அட்லஸ், 1956-இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ ஆகிய தொழிற்சாலைகள் இந்தியரின் சைக்கிள் தேவையை நிறைவு செய்ய முன்வந்த காலத்தில், நம் சாலைகளின் சைக்கிள் என்றாலே இந்த எஃகு ரிம்தான். அரிசி மூட்டையும் பால் பாத்திரமும் குடும்பமும் அதன்மேல் சென்றன. கல்லில் இடித்து நசுங்கினால் சுத்தியால் தட்டி நிமிர்த்தலாம். எஃகு வளையும், எளிதில் வெடிக்காது. இது அதன் பெருமை.

அதன் சிறுமை மழையில் தெரியும். குரோமிய முலாம் கண்ணாடி போல் வழவழப்பானது. அதன்மேல் நீர் மெல்லிய படலமாகப் படியும்போது, ரப்பர்க் கட்டை உலோகத்தைத் தொடுவதற்கு முன் நீரையே தொடுகிறது. உலர்ந்த நாளில் இருந்த பிடிப்பு, நனைந்தவுடன் பல மடங்கு குறைந்துவிடுகிறது. கட்டை நீரைத் துடைத்த பின்னரே பிடிப்பு ஓரளவு திரும்புகிறது. அதற்குள் வண்டி பல அடி தூரம் ஓடிவிடும். பழவங்காடி போன்ற இடத்தில் பல அடி தூரம் என்பது ஒரு மனிதரின் கால் முறிவதற்குப் போதுமான தூரமாகும். கடற்காற்றும் தன் பங்கைச் செய்கிறது. முலாம் உரிந்த இடத்திலும், நிப்பிள் துளைகளிலும், டயருக்கு அடியிலும் துரு ஏறுகிறது.

புதிய ரிம் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. எஃகு, நீரைப் போல் ஏறத்தாழ 7.8 மடங்கு கனமானது, அலுமினியமோ 2.7 மடங்கே. ஆனால் விறைப்பில் அலுமினியம் எஃகில் மூன்றிலொரு பங்குதான். எனவே ஒரே வடிவில் செய்தால் அது தோற்றுப்போகும். இக்குறையைப் பொறியியலார் வடிவத்தால் ஈடு செய்தனர். ஒற்றைத் தகட்டுக்குப் பதிலாக, இரு சுவர்களும் இடையே வெற்றிடமும் உடைய பெட்டி போன்ற குறுக்கு வெட்டை அமைத்தனர். மூங்கில் உள்ளே வெறுமையாய் இருந்தும் வலிவாய் நிற்பது போல, இந்த இரட்டைச் சுவர் ரிம் முறுக்கத்தையும் வளைவையும் தாங்குகிறது. ஓரத்தில் உள்ள சிறு கொக்கி, மிகுந்த காற்றழுத்தத்திலும் டயர் நழுவாமல் பிடிக்கிறது. இதனினும் எடை குறைந்த கார்பன் இழை ரிம்களும் பந்தயச் சைக்கிள்களில் உண்டு.

எடை குறைந்ததால் சைக்கிள் பறக்கும் என்று விற்பனையாளர் கூறுவர். இதனைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய எஃகு ரிம் ஏறத்தாழ ஒரு கிலோ கிராம் என்றும், புதியது அரைக் கிலோ கிராம் என்றும் கொள்வோம். இரு சக்கரத்திலும் சேர்ந்து மிச்சம் ஒரு கிலோ கிராம். ரிம் முன்னோக்கியும் செல்கிறது, சுழலவும் செய்கிறது. ஆதலால் வேகம் எடுக்கும்போது மட்டும் அந்த ஒரு கிலோ இரண்டு கிலோவுக்குச் சமம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ இருக்கையில், இது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இலாபமே. சமதரையில் சீரான வேகத்தில் செல்லும்போது அதுவும் இல்லை. ஆகவே புதிய ரிம்மின் மெய்யான சிறப்பு ஓடுவதில் இல்லை, நிற்பதில்தான் உள்ளது. முலாமற்ற அலுமினியப் பரப்பில், நனைந்த நிலையிலும் பிரேக் கட்டைக்கு எஃகில் கிடைப்பதைவிட மிகுதியான பிடிப்புக் கிடைக்கிறது. வட்டத் தகடு பிரேக் வந்த பின்னரோ, ரிம்மில் உராயும் வேலையே ஒழிந்துவிட்டது.

ஆயினும் அலுமினியத்திற்கும் முடிவு உண்டு. பிரேக் கட்டை உராய உராயப் பக்கச் சுவர் தேயும். பல ரிம்களில் இதற்கென்றே ஒரு சிறு கோடு வெட்டியிருப்பார்கள். அது மறைந்தால் ரிம்மை மாற்றியாக வேண்டும். பலமாக இடித்தால் அலுமினியத்தில் விரிசல் காணலாம். அதனைத் தட்டி நிமிர்த்தல் ஆகாது.

அங்ஙனமாயின், பாட்டனார் காலத்துச் சைக்கிளுக்குப் புதிய ரிம்மைப் பூட்டிவிடலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இரண்டின் மீதும் 28 அங்குலம் என்றே எழுதியிருக்கக் கூடும். ஆனால் பழைய 28 x 1½ டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்று பரவலாக உள்ள 700சி ரிம்முக்கு அது 622 மில்லிமீட்டர். பதின்மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டில் ஒன்றின் டயர் மற்றொன்றில் அமராது. மேலும், பழைய முறையில் முன் சக்கரத்திற்கு 32 கம்பியும் பின் சக்கரத்திற்கு 40 கம்பியும் உண்டு. புதிய ரிம்களில் 32 அல்லது 36 துளைகளே மிகுதி. உட்புறத்தில் அழுந்தும் தண்டு பிரேக்கிற்கு, பெட்டி வடிவ ரிம்மில் தோளும் இல்லை. ரிம்மை மாற்றுவதென்றால் குடம், கம்பி, பிரேக், டயர் ஆகிய யாவற்றையும் மாற்ற நேரும்.

எனவே பழைய வண்டியை வைத்திருப்போர், அதன் இயல்பை அறிந்து ஓட்டுவதே நன்று. மழையில் இறக்கம் தொடங்கும் முன்னரே பிரேக்கை இலேசாகப் பிடித்து, ரிம்மிலுள்ள நீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும். முன்னே செல்லும் வண்டியிலிருந்து இருமடங்கு இடைவெளி விடவேண்டும். தேய்ந்து கெட்டிப்பட்ட கட்டைகளை மாற்றவேண்டும். எஃகு ரிம்மிற்கெனத் தோல் ஒட்டிய கட்டைகள் கிடைத்தால் அவை ஈரத்தில் ரப்பரைவிட நன்கு பிடிக்கும். ரிம்மில் எண்ணெய் படவிடலாகாது. துளையோரங்களில் துரு உள்ளதா என்று ஆண்டுக்கொரு முறையேனும் டயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பழையது சுமந்தது, புதியது நிறுத்துகிறது. சுமக்கும் வண்டியை வைத்திருப்பவர், நிறுத்தும் பொறுப்பில் ஒரு பகுதியைத் தாமே ஏற்க வேண்டும். அதற்கு, மேம்பாலத்தைத் தாண்டும் முன்பே பிரேக்கில் கை வைத்தால் போதும்.