கற்பனை உலகிற்கு ஒரு நாணயம்



நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையிலே புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரண்டும் ஒரு சொல்லில் அமைந்தமை இன்றைய பேச்சுக்கு மிகப் பொருத்தமானது. எங்கும் இல்லாத ஓர் உலகத்திற்குக் காசு செய்வது எவ்வாறு என்பதே நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

நண்பர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, உரையாடியே கதையொன்றை வளர்த்துச் செல்லும் விளையாட்டு 1970களில் அமெரிக்காவில் தோன்றிப் பரவியது. 1977 இல் வெளிவந்த 'டிராவலர்' என்பது அவ்வகையில் விஞ்ஞானக் கற்பனையைக் களமாகக் கொண்டது. அதில் ஆடுவோர் விண்கலமேறி, உலகம் உலகமாகச் சென்று பண்டம் விற்பர். அத்தகைய ஆட்டத்தில், கையில் எடுத்து எண்ணிக் கொடுக்கக்கூடிய காசு ஒன்று இருந்தால் கற்பனை உலகம் மெய்போலத் தோன்றும். ஆயின் அக்காசை அமைக்கப் புகுவோர் தூரிகையை எடுக்குமுன் சில வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்.

முதலாவது வினா, விண்கலம் ஓட்டும் மக்களுக்குக் கைக்காசு எதற்கு என்பதாகும். கணக்கேட்டில் ஓர் எண்ணைக் கூட்டி மற்றோர் எண்ணைக் கழித்தாற் போதாதோ? போதாது. ஒளியினும் விரைவாகச் செய்தி செல்ல வழியில்லை. பூமியிலிருந்து புறப்படும் வானொலிச் செய்தி செவ்வாயை அடைய, இரு கோள்களின் தூரத்திற்கேற்ப, ஏறக்குறைய 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனுக்கோ 4 ஆண்டுகளுக்கு மேலாகும். 'டிராவலர்' ஆட்டத்தில் கலங்கள் ஒரு பாய்ச்சலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். அவற்றினும் விரைந்த தூதன் அங்கு இல்லை. ஆகவே, ஒருவன் ஒரே தொகையை இரண்டு துறைமுகங்களிலே செலவிட்டாலும், செய்தி வந்து சேருமுன் அவன் மறைந்துவிடுவான். பொருளாகிய காசோ ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கமாட்டாது. கைக்காசு நிலைபெறுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது வினா, அக்காசை வேறெவரும் செய்துவிடாதபடி தடுப்பது யாது என்பது. பொன் அரிது, ஆதலாற் பொன் மதிப்புடையது. ஆனால், வேண்டிய பொருளை வேண்டியவாறு ஆக்கித்தரும் இயந்திரம் ஓர் உலகில் இருக்குமாயின், பொன்னும் மணலும் அங்கே ஒன்றாகிவிடும். 1993 இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்னும் தொலைக்காட்சித் தொடரை ஆக்கியோர் இச்சிக்கலை உணர்ந்திருந்தனர். அவர்கள் 'லட்டினம்' என்றொரு திரவத்தைக் கற்பித்து, அதனை எந்த இயந்திரமும் ஆக்கமாட்டாது என விதித்து, பொற்கட்டிகளுக்குள் அடைத்தனர். பொன் வெறும் உறை, உள்ளிருப்பதே பணம். எனவே, நாணயத்தை அமைப்பவர் தம் உலகில் எது அரிது என்பதை முதலில் தீர்மானித்தல் நன்று.

மூன்றாவது, அக்காசு புழங்கும் இடத்தின் இயல்பு. 2007 இல் இங்கிலாந்தில், டிராவலெக்ஸ் என்னும் நாணயமாற்று நிறுவனத்தின் பொருட்டு, தேசிய விண்வெளி நிலையத்தையும் லெஸ்டர் பல்கலைக்கழகத்தையும் சார்ந்த விஞ்ஞானிகள் 'குவிட்' என்றொரு விண்வெளி நாணயத்தை வடிவமைத்தனர். நிறுவனத்திற்கு அது ஒரு விளம்பரமாகவும் அமைந்தது; எனினும் அதன் நியாயங்கள் சிந்திக்கத்தக்கவை. எடையற்ற கலத்தினுள் மிதக்கும் காசு ஆளையோ கருவியையோ காயப்படுத்தலாகாது. ஆதலால் அதற்குக் கூர்விளிம்பு இல்லை. கதிர்வீச்சு காந்தப் பட்டைகளைக் கெடுக்கக்கூடும். ஆதலால் அட்டை விலக்கப்பட்டது. ஒட்டாத சமையற் பாத்திரங்களுக்குப் பூசும் டெப்லோன் என்னும் பொருளினால் அக்காசுகள் செய்யப்பட்டன.

இன்னும் சிலவற்றை நாமே ஆராயலாம். வெள்ளீயம் 13 பாகை சதத்திற்குக் கீழே நெடுநாள் இருப்பின், மெல்ல மெல்லச் சாம்பல் நிறத் தூளாக மாறும் இயல்புடையது. கடுங்குளிர் உலகில் வெள்ளீயக் காசு சேமித்தவன், பெட்டியைத் திறக்கும்போது பொடியையே காண்பான். எடையற்ற இடத்தில் தராசு இயங்காது; ஆகவே காசை நிறுத்து வாங்கும் வழக்கம் அங்கே நிலைக்காது. யப்பானிய 5 யென், 50 யென் நாணயங்களில் உள்ளதுபோல நடுவே துளையிட்டால், கயிற்றிற் கோத்து மிதக்காமற் காக்கலாம். தடித்த கையுறை அணிந்தவனும் இனங்காணும்படி, அளவாலும் விளிம்பாலும் வேறுபாடு தோன்றல் வேண்டும். இது புதுமையன்று. இலங்கையில் 1909 இல் வந்த சதுர வடிவ 5 சத நாணயத்தையும், 1944 இல் வந்த அலைவிளிம்பு கொண்ட 2 சத நாணயத்தையும் அறிந்தோர், இருளிலும் விரலினாலேயே அவற்றைப் பிரித்தறிந்தனர்.

பாரமும் கருதத்தக்கது. சுவீடன் நாட்டில் 1644 இல் செப்புத் தகடுகளைப் பணமாக வெளியிட்டபோது, 10 டாலர் தகடு ஏறத்தாழ 20 கிலோகிராம் நிறையுடையதாயிருந்தது. அத்தகைய பணத்தைச் சுமந்து அலுத்த நாட்டிலேயே, 1661 இல், ஐரோப்பாவின் முதலாவது வங்கித் தாள் வெளிவந்ததில் வியப்பில்லை. சிறு நிறையையும் விண்ணுக்கு ஏற்றப் பெருஞ்செலவாகும் உலகிலே, பாரமான காசு தன் மதிப்பைத் தானே தின்றுவிடும்.

இறுதியாகவும் முக்கியமாகவும் எழும் வினா, அக்காசை வெளியிடுபவர் யார், அதனை ஏற்பவர் யார் என்பதாகும். கற்பனைக்கதைகளில் சுரங்கக் கோள்கள் பல வரும். அங்கே ஒரு நிறுவனமே நிலத்துக்கும் காற்றுக்கும் கடைக்கும் உரிமை பூண்டிருக்கும். அந்நிறுவனம் தன் முத்திரையிட்ட வில்லையைக் கூலியாகக் கொடுத்து, அவ்வில்லை தன் கடையில் மாத்திரமே செல்லும் என விதிக்குமாயின், தொழிலாளி ஆயிரம் வில்லை சேர்த்தாலும் ஊர் திரும்பக் கலமேற முடியாது. இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க ஊர்களில் நிறுவன வில்லைகள் நெடுங்காலம் வழங்கின. இத்தகைய கொடுமையைத் தடுக்கவே, பல தொழில்களில் கூலியை நாட்டின் நாணயத்திற் கொடுத்தல் வேண்டும் என்று பிரித்தானியப் பாராளுமன்றம் 1831 இல் சட்டம் இயற்றிற்று. நம் நாட்டிலும் 19ஆம் நூற்றாண்டிலே, கோப்பி வர்த்தகம் செய்த நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளைத் தொழிலாளரிடையே வழங்கின. அவை இன்று நாணயம் சேர்ப்போர் விரும்பித் தேடும் பொருள்களாயுள்ளன.

ஆகவே, ஆட்டத்திற்குக் காசு செய்ய விரும்பும் இளைஞர்க்கு ஒரு யோசனை. மர வில்லையோ தகட்டுத் துண்டோ கையிற் கிடைத்ததைக் கொள்ளுங்கள். இரண்டு வகைக் காசு செய்யுங்கள். ஒன்று எல்லா உலகிலும் செல்வது. மற்றது ஒரு கோளின் வாயிலைத் தாண்டினாற் செல்லாதது. இரண்டாவது காசை அழகாகவும் பாரமாகவும் பளபளப்பாகவும் செய்யுங்கள். அதனைக் கூலியாகப் பெற்று மகிழ்ந்த பாத்திரம், புறப்படும் நாளில் துறைமுகத்தில் அதனை நீட்டி, 'இது இங்கே செல்லாது' என்னும் விடையைப் பெறட்டும். கூலி பெற்றும் வழிச்செலவுக்குக் காசில்லாதவனின் நிலையை, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் அக்கணத்தில் விளங்கிக்கொள்வர்.

உலோகத்திலும் தாளிலும் பிளாத்திக்கிலும் காசை வார்க்கலாம். அதனை வாங்கும் அடுத்தவன், தனக்கும் இது செல்லும் என்று நம்பினால் மாத்திரமே அது காசாகும். நாணயம் என்ற சொல்லின் இரு பொருளையும் பிரித்துவிட்டால் எஞ்சுவது வெறும் வில்லையே.